புள்ளிச் சில்லையா, கருந்தலைச் சில்லையா?

காற்றே இல்லாத வேளையில் ஒரு புல்தண்டு மட்டும் மெல்ல வளைகிறது என்றால், அதன் நுனியில் சில்லை ஒன்று வந்து தொற்றியிருக்கக்கூடும். பன்னிரண்டு கிராமோ பதினான்கு கிராமோ இருக்கும் பறவை. அந்த எடைக்கே தண்டு தாழ்கிறது. பறவை பதறுவதில்லை. காலை மாற்றிப் பிடித்து, கதிரை அலகுக்கு அருகே கொண்டுவந்து, மணிகளை ஒவ்வொன்றாக உருவுகிறது. உமி கீழே உதிர்கிறது. பக்கத்துத் தண்டில் இன்னொன்று, அதற்கு அப்பால் மேலும் இரண்டு. ஓரடி நெருங்கினால் போதும், கூட்டம் முழுவதும் ஒரே வீச்சில் எழுந்து அடுத்த புதருக்குள் மறைந்துவிடும்.

பறவை பார்க்கத் தொடங்கியவர்கள் பலர் இந்தக் கூட்டத்தைக் 'குருவிகள்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது மனம் கேட்காத விஷயம். மயிலையும் மீன்கொத்தியையும் யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லி அழைத்துவிடலாம். ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு சிறு பறவைகளைப் பிரித்துப் பார்க்கத் தெரியும்போதுதான் கண் உண்மையில் பழகத் தொடங்குகிறது. அதற்கு நான் பரிந்துரைக்கும் முதல் இணை புள்ளிச் சில்லையும் கருந்தலைச் சில்லையும். வளர்ந்த பறவைகளைப் பிரிப்பது ஐந்து நிமிடப் பாடம். இளம்பறவைகளோ நெடுநாள் பார்த்தவர்களையும் நிறுத்தி யோசிக்க வைக்கும்.

முதலில், பார்ப்பது சில்லைதானா என்று தெரிய வேண்டும். சிட்டுக்குருவியைவிடச் சில்லை சிறியது; அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை 11 அல்லது 12 சென்டிமீட்டர். சிட்டுக்குருவி 15 சென்டிமீட்டருக்கு மேல், எடையில் ஏறக்குறைய இரட்டிப்பு. பெண் சிட்டுக்குருவிக்கும் பெண் தூக்கணாங்குருவிக்கும் முதுகில் கருங்கோடுகள் ஓடும். கண்ணுக்கு மேல் புருவம்போல் வெளிர் கீற்று இருக்கும். நாம் பேசும் இரண்டு சில்லைகளுக்கும் புருவக் கீற்று கிடையாது. முதுகும் ஏறக்குறைய ஒரே நிறமாக இருக்கும். தலைக்குப் பொருந்தாத அளவுக்குப் பருத்த, முக்கோண அலகு. பார்த்த மாத்திரத்தில் 'அலகு பெரிது, உடம்பு சிறிது' என்று தோன்றினால் சரியான திசையில் போகிறீர்கள்.

அந்த அலகைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அறிஞர்களையே தடுமாற வைத்தது அதுதான். விதை தின்னும் பறவைக்கு முதல் சிக்கல் உமி. மணியை அலகின் ஓரத்தில் செருகி, நாக்கால் உருட்டி, இரண்டு அலகுகளுக்கும் நடுவே நெரித்து உமியைக் கழற்ற வேண்டும். இந்த வேலைக்குக் குட்டையான, அடிபருத்த, கூம்பு வடிவ அலகுதான் ஏற்றது. அதனால் விதையுண்ணிகள் எந்தக் குடும்பத்தில் பிறந்திருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே வகை அலகோடு இருக்கின்றன. உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த கார்ல் லின்னேயஸ் 1758-இல் புள்ளிச் சில்லைக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது, அதை 'லாக்சியா' என்ற பேரினத்தில் வைத்தார். கருந்தலைச் சில்லைக்கு 1766-இல் பெயரிட்டபோதும் அதே லாக்சியா. தூக்கணாங்குருவியையும் அதிலேயே சேர்த்தார். அமெரிக்காவின் சிவப்புக் கார்டினல் பறவையும் அதில்தான் இருந்தது. தடித்த அலகு என்ற ஒரே காரணத்திற்காக, உறவே இல்லாத பறவைகள் ஒரு கூரையின் கீழ் வந்துவிட்டன. இன்று லாக்சியா என்ற பெயர், மேலலகும் கீழலகும் கத்தரிக்கோல்போல் குறுக்கே போகும் குளிர்நாட்டுப் பறவைகளுக்கு மட்டுமே உரியது. நம் இரண்டு சில்லைகளும் இருப்பது 'லோன்சூரா' பேரினத்தில். வில்லியம் ஹென்றி சைக்ஸ் 1832-இல் உருவாக்கிய பெயர் அது. ஈட்டி முனை போன்ற வால் என்பது அதன் பொருள்.

ஆகவே அலகு ஒரு பறவையின் தொழிலைச் சொல்லும், உறவைச் சொல்லாது. அப்படியானால் புள்ளிச் சில்லையும் கருந்தலைச் சில்லையும் உறவு என்று எதை வைத்துச் சொல்கிறோம்? வாழ்க்கை முறை நல்ல சாட்சி. இரண்டும் புல்லைத் திரட்டிப் பந்துபோல் மூடிய கூடு கட்டுகின்றன, பக்கவாட்டில் வாசல். தூக்கணாங்குருவியைப்போல் பின்னி முடைவதில்லை, புல்லை அடைத்து அடைத்து உருட்டுகின்றன. ஆணும் பெண்ணும் சேர்ந்தே கட்டுகின்றன, மாறி மாறி அடைகாக்கின்றன. முட்டைகள் புள்ளியோ நிறமோ இல்லாத தூய வெள்ளை. திறந்த கூட்டில் முட்டையிடும் பறவைகள் பலவற்றின் முட்டைகளில் ஒளிந்துகொள்ள உதவும் கறைகள் இருக்கும். மூடிய கூட்டுக்குள் அந்தத் தேவை இல்லை. குஞ்சின் வாயைத் திறந்து பார்த்தால் அண்ணத்தில் கருங்கோலம் ஒன்று தெரியும். கூட்டின் அரையிருளில் எங்கே ஊட்டுவது என்று தாய்க்கும் தந்தைக்கும் காட்டும் குறி அது என்பது பொதுவான விளக்கம். இவை எல்லாம் 'எஸ்ட்ரில்டிடே' என்ற குடும்பத்தின் அடையாளங்கள். ஜாவாக் குருவியும் வரிக்குதிரைச் சில்லையும் அதே குடும்பத்துப் பறவைகள்தான்.

இனி வளர்ந்த பறவைகள்.

புள்ளிச் சில்லையின் முகமும் தொண்டையும் அடர்ந்த செம்பழுப்பு. அந்த நிறம் மார்பின் மேல்விளிம்பில் முடிந்ததும் வெண்மையான கீழுடல் தொடங்குகிறது. வெள்ளையின் மேல் கருப்பு வளைகோடுகள். பெயரில் புள்ளி என்று இருந்தாலும் அருகில் பார்த்தால் அவை புள்ளிகள் அல்ல. ஒவ்வொரு சிற்றிறகுக்கும் வெள்ளை நடு, கரிய விளிம்பு. அவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பதால் மீன் செதிள்போலத் தெரிகிறது. வயிற்றின் நடுவிலும் வாலுக்கு அடியிலும் செதிள் மங்கி வெளிர்ந்துவிடும். அலகு கருமை கலந்த ஈய நிறம். இவ்வளவும் இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைக்குப் பொருந்தும். இந்த இனம் இந்தியா, இலங்கை தொடங்கித் தென்சீனம், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ்வரை பரவியிருப்பதால், கிழக்கே போகப் போகச் சில துணையினங்களில் செதிள் பழுப்பேறி மங்கலாகிவிடுகிறது. கீழை நாடுகளில் எடுத்த படத்தை வைத்து இங்கே தேடுபவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

கருந்தலைச் சில்லையில் இந்த நுணுக்கம் எதுவும் இல்லை. பட்டைப் பட்டையாகத் தீட்டிய பறவை அது. தலை, கழுத்து, மேல்மார்பு முழுக் கருப்பு. முதுகும் இறக்கையும் வாலும் செம்பழுப்பு. விலாவும் மார்பின் பக்கங்களும் பளிச்சென்ற வெள்ளை. அந்த வெள்ளைக்கு நடுவே வயிற்றிலிருந்து வாலடிவரை மீண்டும் ஒரு கரும்பட்டை. கருப்பு, வெள்ளை, செம்பழுப்பு என்று மூன்று நிறங்கள். ஆனால் தொலைவிலிருந்து முதலில் கண்ணில் படுவது அலகு. நீலச்சாம்பல் நிறத்தில், வெள்ளியைப்போல், அந்தக் கருந்தலைக்கு முன்னால் மின்னும். கோரைக்குள் உடம்பு மறைந்து தலை மட்டும் தெரியும்போது இந்த அலகு ஒன்றே போதும்: கருந்தலையில் வெளிர் அலகு என்றால் கருந்தலைச் சில்லை, செம்பழுப்பு முகத்தில் கரிய அலகு என்றால் புள்ளிச் சில்லை.

ஆண் எது, பெண் எது என்று கேட்பீர்கள். இரண்டு இனங்களிலும் இருபாலும் ஒரே உடைதான். புள்ளிச் சில்லையில் ஆணின் தொண்டையும் செதிளும் சற்று அடர்த்தி என்பார்கள். இரண்டும் அருகருகே அமர்ந்தாலன்றி அதை நம்பி முடிவு சொல்ல மாட்டேன். பாடினால் ஆண், அதுதான் உறுதி.

அந்தப் பாட்டை நீங்கள் கேட்காமலே ஆண்டுகள் போகலாம். கூட்டம் பறக்கும்போது எழும் 'கிட்டீ, கிட்டீ' என்ற அழைப்பு புள்ளிச் சில்லையுடையது. அது எளிதில் காதில் விழும். பாட்டு அப்படியல்ல, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற முணுமுணுப்பு. ஆண் பறவை நிமிர்ந்து, தலை இறகைச் சிலிர்த்து, அலகை அசைத்துக்கொண்டே இருக்கும். சில அடி தள்ளி நிற்கும் நமக்கு ஒன்றும் கேட்காது. அப்போது கூட்டத்திலிருந்து இன்னொரு சில்லை நகர்ந்து வந்து, பாடுகிறவனின் முகத்தோடு முகம் வைத்தாற்போல் கழுத்தை நீட்டி அசையாமல் நிற்கும். சண்டைக்கு வரவில்லை, காது கொடுக்க வந்திருக்கிறது. பறவைகளில் இப்படி ஒரு கேட்பவரைக் காண்பது அரிது. பல பறவைகளில் பாட்டு எல்லையைக் காக்கும் அறைகூவல். தொலைவுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பயன். சில்லைக்குக் காக்க வேண்டிய எல்லையே கிடையாது, அதனால் உரக்கப் பாட வேண்டிய கட்டாயமும் இல்லை. கருந்தலைச் சில்லையின் பாட்டும் இதே வகை மெல்லொலிதான். ஆகவே பாட்டை வைத்து இந்த இரண்டையும் பிரிக்கலாம் என்று தொடக்கநிலையில் இருப்பவர் எதிர்பார்க்க வேண்டாம்.

இடம் அதைவிட நல்ல துப்பு. கருந்தலைச் சில்லை ஈரத்தை விட்டு அதிகம் விலகாது. உயர்ந்த புல், நாணல், கோரை, நெல்வயல், கரும்புத் தோட்டம் என நீரையோ சதுப்பையோ ஒட்டிய இடங்களில்தான் அதைத் தேட வேண்டும். கூடும் அங்கேயே, நிமிர்ந்து நிற்கும் தண்டுகளுக்கு நடுவே, தாழ்வான உயரத்தில். புள்ளிச் சில்லைக்கு அந்தக் கட்டுப்பாடு குறைவு. புல்வெளி, புதர்க்காடு, தோட்டம், குடியிருப்பு ஓரம் எல்லாம் அதற்குச் சம்மதம். கூட்டை முள்மரத்திலோ படர்கொடியிலோ கட்டும். வீட்டுத் தாழ்வாரத்தில்கூடக் கட்டிவிடும். நீரில்லாத மேட்டுப் புதரில் சில்லைக் கூட்டம் கண்டால் புள்ளிச் சில்லையாக இருக்கும் வாய்ப்புதான் அதிகம். நீரோரக் கோரையில் கண்டால் இரண்டும் இருக்கலாம். அங்கே இடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இரண்டும் இனப்பெருக்கம் செய்வது பெரும்பாலும் மழையை ஒட்டி. விதையுண்ணிக்கு மழையில் என்ன அவசரம் என்று தோன்றலாம். காய்ந்த விதை வளர்ந்த பறவைக்குச் சரி, பிறந்த குஞ்சுக்கு ஆகாது. மழைக்குப் பின் தளிர்த்த புல், கதிர் விட்டுப் பால் பிடிக்கும். அந்த இளமணி நசுங்கும், ஈரமும் இருக்கும். பெற்றோர் அதைத் தொண்டைப்பையில் நிரப்பி வந்து குஞ்சுக்குக் கக்கி ஊட்டுகின்றன. கூட்டு வாசலில் புழுவும் பூச்சியும் சுமந்து வரும் பெற்றோரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, வெறும் அலகோடு வந்து குஞ்சை நிறையவைத்துப் போகும் சில்லை புதுமையாகத் தெரியும்.

கருந்தலைச் சில்லையின் அறிவியல் பெயர் 'லோன்சூரா மலாக்கா'. பெயரைக் கேட்டு மலேசியாவின் மலாக்காவில் தேட வேண்டாம். அதன் சொந்த நிலம் இந்தியாவும் இலங்கையும்தான். பழைய மாதிரிகள் கப்பலேறி ஐரோப்பா போய்ச் சேர்ந்தபோது எங்கிருந்து வந்தவை என்ற தகவல் குழம்பியது. அந்தக் குழப்பமே பெயராக நின்றுவிட்டது. அதே 1766-இல் தூக்கணாங்குருவிக்கு லின்னேயஸ் தந்த பெயர் 'பிலிப்பினா'. பிலிப்பைன்ஸ் அதற்கும் தாயகம் இல்லை. மலாக்காப் பக்கம் உண்மையில் வாழ்வது இதன் நெருங்கிய உறவான இன்னொரு சில்லை. அதற்கும் கருந்தலை, வெளிர் அலகு. ஆனால் வெள்ளை விலா இல்லை, உடம்பு பெரும்பாலும் செம்பழுப்பு. வடகிழக்கு இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியாவரை காணப்படும் அதையும் நம் கருந்தலைச் சில்லையையும் நெடுங்காலம் ஒரே இனமாகவே கணக்கிட்டார்கள். இப்போது இரண்டு இனங்கள். பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசியப் பறவையாக 1995 வரை இருந்தது அந்தச் செம்பழுப்புச் சில்லைதான்; அதன் பிறகு அந்த இடம் பிலிப்பைன்ஸ் கழுகுக்குப் போனது. இதில் என்னை யோசிக்க வைப்பது வேறொன்று. அந்த நாட்டில் 'மாயா' என்ற ஒரே சொல் சில்லைக்கும் சிட்டுக்குருவியின் உறவான ஊர்க்குருவிக்கும் வழங்கியதால், தேசியப் பறவை எது என்று கேட்டால் பலர் ஊர்க்குருவியைக் காட்டினார்கள். 'எல்லாம் குருவி' என்று விட்டுவிட்டால் ஒரு நாட்டின் தேசியப் பறவைகூட அடையாளம் தவறிப்போகும்.

கூண்டுப் பறவையாகக் கடல் கடந்து போன சில்லைகள் தப்பியும் விடப்பட்டும் புதிய நிலங்களில் பெருகியிருக்கின்றன. புள்ளிச் சில்லை ஆஸ்திரேலியாவிலும் ஹவாயிலும் அமெரிக்காவின் சில பகுதிகளிலும் இன்று காட்டுப் பறவை. கருந்தலைச் சில்லை கரீபியன் தீவுகளில் சிலவற்றில் வேரூன்றியிருக்கிறது.

இப்போது கூட்டத்துக்கு வருவோம். சில்லைகள் தனித்து இருப்பது குறைவு, பல இனங்கள் ஒரே கூட்டத்தில் கலந்து மேய்வதும் வழக்கம். ஏன் சேர்ந்து மேய்கின்றன என்பதைப் புள்ளிச் சில்லையை வைத்தே ஆராய்ச்சியாளர்கள் விரிவாகச் சோதித்திருக்கிறார்கள். தரையில் மறைத்து வைத்த விதையைத் தேட விட்டால், சில பறவைகள் தாமே தேடும். சில, வேறொன்று கண்டுபிடித்த இடத்திற்கு ஓடிப்போய்ப் பங்கு எடுக்கும். எது எந்த எண்ணத்தில் இருக்கிறது என்பதைத் தலையே காட்டிக்கொடுத்தது. அலகைத் தாழ்த்தித் தத்துகிற பறவை விதை தேடுகிறது. தலையை நிமிர்த்தித் தத்துகிற பறவை பிறரைக் கவனிக்கிறது. ஒரே பறவை நேரத்துக்கேற்ப இரண்டையும் செய்யும். அடுத்த முறை தரையில் மேயும் கூட்டத்தைப் பார்த்தால் தலைகளை மட்டும் கவனியுங்கள், பைனாகுலர்கூடத் தேவைப்படாது.

கலந்து மேய்வதால் நமக்கு ஒரு சிக்கல் வருகிறது. ஒரு பறவையின் பெயரைப் பக்கத்தில் இருக்கும் பறவையை வைத்துச் சொல்ல முடியாமல் போகிறது. வளர்ந்த பறவை என்றால் கவலையில்லை. இளம்பறவை என்றால்?

கூட்டை விட்டு வெளியேறிய புள்ளிச் சில்லைக்குச் செதிள் இல்லை, செம்பழுப்பு முகம் இல்லை. மேலே வெளிர் பழுப்பு, கீழே மங்கிய மஞ்சட்பழுப்பு. கருந்தலைச் சில்லையின் இளம்பறவைக்குக் கருந்தலையும் இல்லை, வெள்ளை விலாவும் இல்லை. மேலே வெளிர் பழுப்பு, கீழே இன்னும் சற்று வெளிறிய பழுப்பு. எழுதிப் பார்க்கும்போதே தெரிகிறது, இரண்டு வரிகளும் ஏறக்குறைய ஒன்றுதான். மழைக்காலம் முடிந்த வாரங்களில் இந்தப் பழுப்புப் பறவைகள் கூட்டம் கூட்டமாக வரும்போது, புது இனம் ஒன்றைக் கண்டுவிட்டதாகத் தொடக்கநிலையினர் படத்தோடு வருவார்கள். அவர்களுடைய மகிழ்ச்சி எனக்குப் புரிகிறது. நூல்களின் படத்தாள்களில் இளம்பறவைக்குப் பெரும்பாலும் ஒரு மூலைதான் கிடைக்கிறது.

அலகின் நிறம் கைகொடுக்காதா என்றால், ஓரளவுக்குத்தான். கருந்தலைச் சில்லையின் வெள்ளி அலகு பிறவியிலேயே வருவதில்லை. இருண்ட அலகாகத் தொடங்கி மெல்ல நீலச்சாம்பலுக்கு மாறுகிறது. இடைப்பட்ட நாட்களில் வெயிலும் நிழலுமே அலகின் நிறத்தை மாற்றிக் காட்டிவிடும். இறகு மாறத் தொடங்கினால் நிலைமை தெளிவாகிறது. தொண்டையில் செம்பழுப்புத் திட்டு, விலாவில் இரண்டு மூன்று செதிள் இறகு என்றால் புள்ளிச் சில்லை. கன்னத்தில் மை தெறித்தாற்போல் ஒழுங்கற்ற கருப்பு என்றால் கருந்தலைச் சில்லை. அந்த மாற்றத்தின் நடுவில் இருக்கும் பறவை பார்க்க அழகாக இராது, ஆனால் அதைவிட நேர்மையான பாடநூல் வேறில்லை.

இறகு மாறாத பறவைக்கு நான் நம்புவது ஒரே சாட்சியைத்தான். நாணல் ஓரத்தில் ஒரு மாலை, பழுப்புப் பறவைகள் மூன்று ஒரே தண்டில் நெருக்கியடித்து அமர்ந்திருந்தன. சுற்றிலும் மேய்ந்தவை பெரும்பாலும் புள்ளிச் சில்லைகள். கையேட்டில் 'புள்ளிச் சில்லை, இளம்பறவை, 3' என்று எழுதக் கை போனது. எழுதாமல் காத்திருந்தேன். திடீரென்று மூன்றும் தண்டோடு தண்டாகத் தாழ்ந்து படுத்தன. இறக்கையைப் படபடக்கவில்லை, சில்லைக் குஞ்சுகள் உணவு கேட்கும் விதமே வேறு. கழுத்தை ஒரு பக்கமாக முறுக்கித் திருப்பி, திறந்த வாய் வானத்தைப் பார்க்க, உடம்பைக் குறுக்கிக்கொண்டு கேட்கும். அந்த முறுக்கிய கழுத்துகளுக்கு மேலே கோரைக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. முழுக் கருப்பு. அதன் முன்னால் வெள்ளி அலகு. அது முதல் வாய்க்குள் அலகை ஆழச் செருகி, தலையைக் குலுக்கிக் குலுக்கி ஊட்டியது, பிறகு இரண்டாவதற்கு, மூன்றாவதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

'கருந்தலைச் சில்லை, இளம்பறவை, 3' என்று எழுதினேன். மூன்றாவது பறவை கழுத்தைத் திருப்பியபடியே இன்னும் காத்திருந்தது.